பெயருக்கு எத்தனை மார்க்?



இந்த மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "இளைஞனே எழுந்திரு" என்கிற மாதிரி ஏதாவது எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார். மன்னிக்கணும். நான் எழுதப் போவது குத்துச்சண்டையைப் பற்றி. அதுவும் நாம் யாரும் பிறப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துபோன குத்துச்சண்டைகளைப் பற்றி.

போன செமஸ்டர் லீவில் நான் ஊருக்குப் போகவில்லை. ஒரு அரியர் பேப்பர் இருந்தது. அதற்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டேன். படித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி மெஸ் முடிந்ததும் ரூம்மேட்டின் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்வேன். மடியில் ஒரு நோட்டு, கையில் ஒரு பென்சில். முகமது அலியின் பழைய சண்டைகளை ரவுண்டு ரவுண்டாகப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். மொத்தம் 9 சண்டை, 112 ரவுண்டு!

பக்கத்து ரூம் நண்பன் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், அம்பது வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச சண்டைடா. ரிசல்ட் ஊருக்கே தெரியும். இப்ப நீ மார்க் போட்டு யாருக்குடா கப்பு குடுக்கப் போற?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். அதனால் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

தாத்தா பார்த்த அலி

முகமது அலி 1980-ல் நம் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் நின்றவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனாராம்.

தாத்தா வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் அட்டையில் அலி படம் ஒட்டியிருக்கும். சின்ன வயசில் நான், "தாத்தா, அலி தோத்ததே இல்லையா?" என்று கேட்டால், "அலி தோத்ததே கிடையாது கண்ணு. தோத்துட்டாருன்னு சொன்னாங்க, அவ்ளோதான்" என்பார். கணக்கு என்னவோ 61 சண்டையில் 56 வெற்றி, 5 தோல்வி. தாத்தாவின் கணக்கில் அந்த 5-ம் கிடையாது.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் நானும் வளர்ந்தேன். அலி அடித்தால் அடி. எதிராளி அடித்தால் "பட்டும் படாமலும்" அடி. இதுதான் எனக்குத் தெரிந்த பாக்சிங்!

மார்க் போடும் முறை

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரவுண்டு 3 நிமிஷம். நடுவில் 1 நிமிஷம் ஓய்வு. இன்றைக்குப் பட்டப் போட்டி என்றால் 12 ரவுண்டு; அலி காலத்தில் 15. (1982-ல் கொரிய வீரர் டுக் கூ கிம் சண்டையில் அடிபட்டு இறந்த பிறகுதான் 15, 12-ஆகக் குறைந்தது.) ரிங்கைச் சுற்றி நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டையும் தனிப் பரீட்சையாக நினைத்துத் திருத்த வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது பத்து மார்க் முறை. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்து எழுந்தால் பெரும்பாலும் 8. அன்றைக்கு நியூயார்க்கில் இன்னும் சுலபம். இந்த ரவுண்டு இவருக்கு, அந்த ரவுண்டு அவருக்கு, இல்லாவிட்டால் சமம். அவ்வளவுதான். ரிங்குக்குள் நிற்கும் ரெஃபரியும் அப்போது மார்க் போடுவார்.

எதற்கு மார்க்? முதலில், சுத்தமாகப் போய் விழுந்த குத்துக்கு. கையுறையிலும் முழங்கையிலும் பட்டதெல்லாம் கணக்கில் வராது. அதற்கப்புறம்தான் முன்னேறி அடிப்பது, ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு. அழகாக டான்ஸ் ஆடுவதற்கு, வாய் பேசுவதற்கு, கூட்டம் பெயர் சொல்லிக் கத்துவதற்கு மார்க் கிடையாது.

நான் எனக்கென்று நாலு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, சத்தத்தை முழுவதும் அணைத்துவிட வேண்டும். வர்ணனையும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். இரண்டு, அடுத்த ரவுண்டு மணி அடிப்பதற்குள் மார்க் எழுதியாக வேண்டும். மூன்று, எழுதியதை அழிக்கக் கூடாது. நாலு, மார்க்குக்குப் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி காரணம் எழுத வேண்டும். இந்த நாலாவது விதி எங்கிருந்து வந்தது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே சண்டை, மூன்று விடைத்தாள்

முதலில் 1964 பிப்ரவரி 25. மியாமி பீச். 22 வயசு காசியஸ் கிளே (அப்போது அவருக்கு அதுதான் பெயர்) சோனி லிஸ்டனை எதிர்த்த சண்டை. ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நமக்கெல்லாம் அது ஒருதலைப்பட்சமான சண்டை என்று ஞாபகம். ஆனால் அந்த நிமிஷத்தில் நடுவர்களின் அட்டையைக் கூட்டிப் பார்த்தால் சண்டை சமம்! லிஸ்டன் என்ற பெயருக்கு அன்றைக்கு அப்படி ஒரு பயம். என் நோட்டில் கிளே 4, லிஸ்டன் 2.

அடுத்தது 1971 மார்ச் 8. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அலியும் ஜோ ஃபிரேசியரும், இரண்டு பேருமே அதுவரை தோற்காதவர்கள். 15-வது ரவுண்டில் ஃபிரேசியரின் இடது ஹுக் ஒன்று அலியை மல்லாக்கப் போட்டது. மூன்று பேரும் ஃபிரேசியர்தான் ஜெயித்தார் என்றார்கள். ஆனால் எவ்வளவில்? ரெஃபரி ஆர்தர் மெர்கான்ட்டே 8-6, ஒரு ரவுண்டு சமம். ஒரு நடுவர் 9-6. இன்னொரு நடுவர் 11-4! ஒரே ராத்திரி, ஒரே சண்டை, மூன்று விடைத்தாள். திருத்தும் ஆளைப் பொறுத்து மார்க் மாறும் என்பது நமக்கும் தெரியாததா என்ன!

நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபிரேசியருக்கு 9-6 என்று எழுதினேன். எழுதும்போது தாத்தா பின்னால் நின்று பார்ப்பது போலவே இருந்தது.

ஸீரோ எரர்

மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் என்ன செய்வோம்? இரண்டு தாடையையும் சேர்த்து மூடிப் பார்ப்போம். ஸீரோவும் ஸீரோவும் ஒன்றாக நிற்கவில்லை என்றால் ஸீரோ எரர் இருக்கிறது என்று அர்த்தம். கருவி மோசம் என்று தூக்கிப் போட மாட்டோம். எரர் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு ஒவ்வொரு ரீடிங்கிலும் கழித்துக்கொள்வோம். குறிக்காமல் விட்டால்தான் வம்பு. ரீடிங் எல்லாம் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஜாப் மட்டும் பொருந்தாது.

என் கண்ணின் ஸீரோ எரர் எவ்வளவு என்று எனக்குத் தெரியவந்தது 1976-ம் வருஷத்துச் சண்டையில்தான்.

1976 செப்டம்பர் 28. நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். அலிக்கு எதிரில் கென் நார்ட்டன். இந்த இருவரும் அதற்கு முன் இரண்டு முறை மோதியிருந்தார்கள். 1973 மார்ச்சில் சான் டியாகோவில் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். அதே வருஷம் செப்டம்பரில் அலி ஜெயித்தார். இரண்டுமே பிளவுத் தீர்ப்பு, அதாவது ஒரு நடுவர் மாற்றிச் சொன்னார். மூன்றாவதுதான் இது.

முதல் தடவை இந்தச் சண்டையைச் சத்தத்தோடு, வர்ணனையோடு, சும்மா படுத்துக்கொண்டு பார்த்தேன். பாதி ஞாபகத்தில் மார்க் போட்டேன். அலி 9, நார்ட்டன் 6. தாத்தாவின் பேரன் அல்லவா!

ஒரு வாரம் கழித்து, மேலே சொன்ன நாலு விதிப்படி சத்தமில்லாமல் பார்த்தேன். நார்ட்டன் 8, அலி 7. எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொரு வாரம் விட்டு மறுபடியும் பார்த்தேன். நார்ட்டன் 8, அலி 6, ஒன்று சமம்.

சண்டை மாறவில்லை. அதே 15 ரவுண்டு, அதே பிம்பம். மாறியது நான் சத்தத்தை அணைத்தது மட்டும்தான். என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிய காரணங்களைப் பார்த்தால் புரிகிறது. அலிக்கு அப்போது 34 வயசு. மூன்று நிமிஷமும் ஆட உடம்பில் தெம்பு இல்லை. அதனால் ரவுண்டு முடிய முப்பது வினாடி இருக்கும்போது படபடவென்று குத்துகளைக் கொட்டுவார். கூட்டம் "அலி! அலி!" என்று எழுந்து நிற்கும். நடுவர் பென்சிலை எடுப்பதும் அந்த நேரத்தில்தான். சத்தமில்லாமல் பார்த்தால், அந்தக் குத்துகளில் பாதிக்கு மேல் நார்ட்டனின் கையிலும் கையுறையிலும் பட்டுத் தெறிக்கின்றன. அதற்கு முன்னால் இரண்டரை நிமிஷம், யாரும் கைதட்டாத நேரத்தில், நார்ட்டனின் இடது ஜாப் அலியின் முகத்தில் போய் விழுந்துகொண்டே இருக்கிறது. விலாவிலும் குத்து விழுகிறது. விலாவில் விழுகிற குத்துக்கு எந்த ஊரிலும் கைதட்ட மாட்டார்கள்.

அன்றைக்குத் தீர்ப்பு என்ன? இரண்டு நடுவர்கள் 8-7. ரெஃபரி 8-6-1. மூவருமே அலிக்கு. கடைசி ரவுண்டு தொடங்கும்போது அந்த இரண்டு நடுவர்களின் அட்டையிலும் 7-7 என்று சமமாக இருந்தது. ஆனால் நார்ட்டனின் மூலையில், "நீதான் முன்னால இருக்க, ஜாக்கிரதையா ஆடு, மாட்டிக்காத" என்கிற விதமாகச் சொல்லி அனுப்பினார்கள். அவரும் ஒதுங்கி ஆடினார். 15-வது ரவுண்டு அலிக்குப் போனது. பட்டமும் போனது. நார்ட்டன் அழுதுகொண்டே ரிங்கை விட்டு இறங்கினார்.

15-வது ரவுண்டை நானும் அலிக்குத்தான் கொடுத்தேன். அதில் தகராறு இல்லை. அந்த ரவுண்டுக்கு முன்னாலேயே நார்ட்டன் போதுமான அளவு ஜெயித்துவிட்டார் என்பதுதான் என் கருத்து.

இரண்டு ஆட்சேபணைகள்

ஹாஸ்டலில் இதைச் சொன்னதும் பெரிய ரகளை. ஒரு நண்பன் சொன்னான்: "சாம்பியன்கிட்ட இருந்து பட்டத்தைப் பிடுங்கணும்னா தெளிவா அடிக்கணும்டா. ஒண்ணு ரெண்டு ரவுண்டு வித்தியாசத்துக்கெல்லாம் பட்டம் மாறக் கூடாது."

ரொம்பப் பேர் இப்படி நினைக்கிறார்கள். ஆனால் எந்த விதிமுறையிலும் இப்படி ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு ரவுண்டும் ஸீரோவிலிருந்துதான் தொடங்குகிறது. சாம்பியன் என்பதற்காக முன்கூட்டியே ஒரு மார்க் போட்டு வைத்தால், எதிராளி 16 ரவுண்டு சண்டை போடுகிறான் என்று அர்த்தம். முதல் ரவுண்டு மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது!

இன்னொரு நண்பன் கேட்டது கொஞ்சம் கனமான கேள்வி: "வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு சொன்னதுக்காக அந்த மனுஷனோட மூன்றரை வருஷத்தையே புடுங்கிட்டாங்களே! அதுக்கு ஈடா ரெண்டு ரவுண்டு குடுத்தா என்ன தப்பு?"

இதைக் கேட்டதும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 1967 ஏப்ரலில் ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள், லைசென்ஸைப் பிடுங்கினார்கள். 1970 அக்டோபர் வரை ரிங்கில் ஏற முடியவில்லை. 1971-ல் சுப்ரீம் கோர்ட்டே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பும் என்ன நடந்தது? 1964-ல் அவர் தன் பெயர் முகமது அலி என்று அறிவித்த பிறகும் பத்திரிகைகள் வருஷக்கணக்காக "கிளே" என்றே எழுதின. எர்னி டெரல் என்கிற வீரரும் அப்படியே கூப்பிட, 1967 பிப்ரவரியில் 15 ரவுண்டும் அவரை அடித்துக்கொண்டே "என் பேர் என்ன?" என்று கேட்டார் அலி.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. அப்போது முகமது அலி என்ற பெயருக்கு மைனஸ் மார்க். 1976-ல் அதே பெயருக்குப் ப்ளஸ் மார்க். மைனஸ் போட்டது அநியாயம் என்று சொல்கிற நாம், ப்ளஸ் போட்டதை மட்டும் எப்படி நியாயம் என்று சொல்ல முடியும்? ரிங்கில் என்ன நடந்தது என்று பார்க்காமல், பெயரைப் பார்த்து மார்க் போட்ட தப்பு இரண்டிலும் ஒன்றுதான். இன்னொன்று. அலிக்கு நஷ்டம் செய்தது அமெரிக்க அரசாங்கமும் பாக்சிங் கமிஷன்களும். அதற்கு ஈடு கொடுக்க வேண்டியது கென் நார்ட்டனா? அவரும் ஒரு கறுப்பின இளைஞன்தான். அவர் யாருடைய மூன்றரை வருஷத்தையும் பிடுங்கவில்லை.

கிரேஸ் மார்க் யாரைக் காப்பாற்றியது?

கிரேஸ் மார்க் அலிக்குத் தேவையும் இல்லை. 1974 அக்டோபர் 30, ஜயர் நாட்டின் கின்ஷாசா. எதிரில் ஜார்ஜ் ஃபோர்மன், 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடி வாங்கினார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சத்தமில்லாமல் பார்த்தால் வேறு ஒன்றும் தெரிகிறது. ஃபோர்மனின் அடியில் பெரும்பகுதி கையில் விழுகிறது, அலியின் நேர் வலது குத்து முகத்தில் விழுகிறது. எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆவதற்கு முன்பே மூன்று நடுவர் அட்டையிலும் அலிதான் முன்னணி. என் நோட்டிலும் 5-2. 1975 அக்டோபர் 1 மணிலாவிலும் அப்படியே. 14 ரவுண்டு முடிந்து ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தியபோது அலிதான் மூன்று அட்டையிலும் முன்னால் இருந்தார். இப்படிப்பட்ட ஆளுக்கு நாம் ஏன் கிரேஸ் மார்க் போட வேண்டும்? போட்டால் அவருக்கு அது அவமரியாதை.

அவமரியாதையோடு போனால் பரவாயில்லை. 1976 ஏப்ரலில் ஜிம்மி யங் சண்டை. அலி 230 பவுண்டு எடையோடு தொப்பையும் தொந்தியுமாக வந்து ஜெயித்ததாகத் தீர்ப்பு. செப்டம்பரில் நார்ட்டன் சண்டை. இந்த இரண்டு தீர்ப்பும் சேர்ந்து, "இன்னும் என்னால் முடியும்" என்ற நினைப்பை அவருக்குக் கொடுத்தன என்று நான் நினைக்கிறேன். 1977-ல் எர்னி ஷேவர்ஸிடம் 15 ரவுண்டு வாங்கிய அடிக்குப் பிறகு, அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ "இனி சண்டை வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். கேட்டார்களா? 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸ். அந்தச் சண்டையையும் மார்க் போட எடுத்தேன். சில ரவுண்டுகளிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். திருத்த அதில் ஒன்றுமே இல்லை. 10 ரவுண்டுக்கு மேல் வேண்டாம் என்று ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். 1984-ல் பார்க்கின்சன் நோய்க்கான அறிகுறிகள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 2016 ஜூன் 3-ல் அலி மறைந்தார்.

லேத்தில் சரியாக டூல் செட் பண்ணத் தெரியாதவனுக்குப் பாவம் பார்த்து பிராக்டிகல் மார்க் போட்டு அனுப்பினால், விரல் போவது நமக்கா, அவனுக்கா? பெயருக்காகப் போட்ட மார்க் நார்ட்டனை மட்டும் ஏமாற்றவில்லை. அலியையும் அது ரிங்குக்குள்ளேயே பிடித்து வைத்தது.

நார்ட்டனின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1978-ல் உலக பாக்சிங் கவுன்சில் அவரைச் சாம்பியன் என்று அறிவித்தது. பட்டப் போட்டி எதையும் ரிங்கில் ஜெயிக்காமல், அறிவிப்பின் மூலமாக! அந்தப் பட்டத்தோடு அதே ஜூன் மாதம் லாரி ஹோம்ஸோடு மோதினார். 15 ரவுண்டு. இரண்டு நடுவர்கள் 143-142 ஹோம்ஸுக்கு. ஒருவர் 143-142 நார்ட்டனுக்கு. மறுபடியும் ஒரே ஒரு மார்க். 2013-ல் அவர் இறந்தபோது, ஒரு பட்டப் போட்டியையும் ஜெயிக்காத ஹெவிவெயிட் சாம்பியன் என்றுதான் எழுதினார்கள்.

இப்போது அந்தப் பதில்

"நீ மார்க் போட்டு யாருக்குடா கப்பு குடுக்கப் போற?" என்று கேட்டானே நண்பன். சொல்கிறேன்.

போன வருஷம் நம் துறைகளுக்குள் நடந்த பேச்சுப் போட்டியில் மூன்றாவது நடுவர் வரவில்லை. ஆள் இல்லாமல், சீனியர் என்று என்னை உட்கார வைத்தார்கள். கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். ஒருவர் கல்லூரியே அறிந்த பேச்சாளர். மேடை ஏறும் முன்பே விசில் பறக்கும். இன்னொருவன் முதலாண்டு தம்பி. அவன் பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மற்ற இரண்டு நடுவர்களின் மார்க்கும் சேர்த்துக் கூட்டினால் இருவரும் சமம். என்னுடைய தாளில் பேச்சாளருக்கு 42, தம்பிக்கு 41. கப்பு பேச்சாளருக்குப் போனது.

நடந்தது என்னவென்றால், பேச்சாளர் அன்றைக்கு நடுவில் மறந்துபோய் நின்றார். கூட்டம் கைதட்டியதில் அது அமுங்கிவிட்டது. தம்பி தடங்கல் இல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் பேசினான். யாரும் கைதட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். உண்மையைச் சொல்கிறேன், பேச்சாளர் பெயரைத் தாளில் எழுதும்போதே என் கை 40-க்கு மேல் போய்விட்டது. மேடையில் நடந்ததற்கு நான் போட்டது மிச்ச மார்க் மட்டும்தான்.

போட்டி முடிந்ததும் அந்தத் தம்பி என்னிடம் வந்தான். சண்டை போட வரவில்லை. "அண்ணே, எங்க தப்பு பண்ணேன்னு சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் திருத்திக்குவேன்" என்றான்.

எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. "இன்னும் கொஞ்சம் கம்பீரமா பேசணும்ப்பா" என்று ஏதோ உளறினேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். இந்த வருஷம் போட்டிக்கு அவன் பெயர் கொடுக்கவில்லை.

நோட்டில் ஒவ்வொரு மார்க்குக்குப் பக்கத்திலும் காரணம் எழுத வேண்டும் என்கிற நாலாவது விதி இங்கிருந்து வந்ததுதான். எழுத ஒரு வரி காரணம் கிடைக்கவில்லை என்றால், அந்த மார்க்கை நாம் போடவில்லை, நம் ஸீரோ எரர் போட்டிருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ளத்தான் 112 ரவுண்டு தேவைப்பட்டது எனக்கு.

இன்டர்னல் மார்க் ஆளைப் பார்த்துப் போடுகிறார்கள் என்று நாம் எல்லோரும் மெஸ்ஸில் உட்கார்ந்து பேசுகிறோம். பேசலாம், நியாயம்தான். ஆனால் நம் கையில் பென்சில் கிடைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நாளைக்கு நம்மில் பாதிப் பேர் குவாலிட்டி செக்கிங்கில் நிற்கப் போகிறோம். எந்த மெஷினில் வந்த பீஸ், எந்த சீனியர் ஆபரேட்டர் செய்த பீஸ் என்று பார்த்தா பாஸ் போடப் போகிறோம்? கேஜ் உள்ளே போனால் போகட்டும், போகாவிட்டால் ரிஜக்ட். அந்த நேர்மை இரும்புக்கு மட்டும்தானா? மனுஷனுக்குக் கிடையாதா?

அதனால் நம் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வருஷப் போட்டிகளில் தாளில் பெயருக்குப் பதில் நம்பர் போடுவோம். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் நடுவர் மார்க்கை எழுதிவிட வேண்டும். அப்புறம் திருத்தக் கூடாது. ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு வரி காரணம். கேட்டவனுக்கு அந்தத் தாளைக் காட்ட வேண்டும். செலவு ஒரு பைசா இல்லை.

முதலாண்டில் இருந்து இப்போது இரண்டாம் ஆண்டுக்கு வந்திருக்கும் அந்தத் தம்பிக்கு: உன் பெயரை இங்கே போடவில்லை, உனக்கே தெரியும். அன்றைக்கு நீ தப்பு ஒன்றும் பண்ணவில்லை. தப்பு மூன்றாவது நாற்காலியில் இருந்தது. அடுத்த வருஷம் பெயர் கொடு. நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன், அது உனக்கு நல்லதுதான்!

லீவு முடிவதற்கு முன் இரண்டு நாள் ஊருக்குப் போனேன். நார்ட்டன் சண்டையைத் தாத்தாவுக்குச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு 15 ரவுண்டும் பார்த்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அந்த ஆளு நல்லாத்தான் அடிச்சிருக்கான்டா. பாவம்."

அலி படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது. என் நோட்டில் நார்ட்டனின் 8-ம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை